மேடையில் நுரை எழவில்லையா, நிறம் மாறவில்லையா? இரசாயன வித்தைகளில் பிழை பிடிக்கும் வழி

இலங்கையின் கிழக்குக் கரையில் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் பாடசாலைக் கண்காட்சி, விஞ்ஞான தினம், அறநெறிப் பாடசாலை ஆண்டுவிழா, மதரசா விழா என்று எங்கே கூப்பிட்டாலும் ஒரு வாளியும் இரண்டு பெட்டியுமாகப் போய் இரசாயன வித்தை காட்டுவது எனக்குப் பல வருடப் பழக்கம். இத்தனை வருடத்தில் புதிது புதிதாகப் பிழை வந்ததில்லை, வந்த பிழைகளேதான் ஊர் மாறி மாறி வந்தன. போனில் கேட்கும் ஆசிரியர்களும் ஒன்றையேதான் சொல்வார்கள்: "சேர், வீட்டில செய்தா வருது, மேடையில வரல்ல." அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் வித்தை எங்கே நின்றதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், காசு போகும் காரணம் கடைசியில்.

எல்லாத் தலைப்புக்கும் பொதுவாக ஒன்று. மேடையில் ஏறிய பிறகு வித்தை வராவிட்டால் அளவைக் கூட்டாதீர்கள். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் வந்துவிடும் என்று கை தானாகப் போகும், எனக்கும் போயிருக்கிறது, ஆனால் பல வித்தைகள் நின்றுபோகவில்லை, தாமதமாகத்தான் வருகின்றன, நீங்கள் மேலும் ஊற்றிய நேரத்தில் இரண்டு பங்கும் சேர்ந்து முன்வரிசைப் பிள்ளைகள் பக்கம் பாயும். வராவிட்டால் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வித்தைக்குப் போங்கள். பிழையை வீட்டில் பிடியுங்கள். அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: எங்கள் ஊர் வெயில், எங்கள் ஊர்த் தண்ணீர், பொருளின் வயது. செய்முறையைக் குறை சொல்வதற்கு முன் இந்த மூன்றையும் பாருங்கள்.

யானைப் பற்பசை: நுரை எழவில்லை, அல்லது சோம்பலாக வழிகிறது

பேரொட்சைட்டும் ஈஸ்டும் சேர்ந்து, போத்தல் வாயால் நுரை பற்பசை மாதிரிப் பாயும் வித்தை இது. நான் எடுக்கும் அளவு: 6% ஐதரசன் பேரொட்சைட்டு அரைக் கோப்பை, அதற்குள் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மேசைக்கரண்டி. வேறொரு கோப்பையில் ஈஸ்ட் ஒரு மேசைக்கரண்டி, இளஞ்சூட்டுத் தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி, ஒரு நிமிடம் ஊறவிட்டு ஊற்றுவது.

முதலில் போத்தலின் வாயைப் பாருங்கள். அகன்ற வாய்ச் சாடியில் செய்தால் அதே நுரை பரந்து படுத்துவிடும், சபை எதுவும் நடக்கவில்லை என்று நினைக்கும். சோடாப் போத்தல் மாதிரிக் கழுத்து ஒடுங்கியது வேண்டும். இந்த ஒன்றை மாற்றியே சரி வந்தவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது லேபல். பாமசியில் 3% கிடைத்திருக்கும், அதில் நுரை வரும், ஆனால் குட்டையாக வரும். சலூன்களில் பாவிக்கும் 20 வொலியூம் என்பதும் 6 சதவீதம்தான், ஆனால் அது கிரீமாக இருந்தால் வாங்காதீர்கள், ஈஸ்ட் அதற்குள் ஒழுங்காகக் கலக்காது.

மூன்றாவது ஈஸ்ட் கரைத்த தண்ணீர். பலர் ஈஸ்ட் பழசு என்று புதுப் பைக்கற் வாங்குவார்கள். பழைய ஈஸ்ட் பாண் மாவைப் பொங்க வைக்காமல் போகலாம், அப்ப மாவையும் கைவிடலாம், ஆனால் பேரொட்சைட்டை உடைக்கிற நொதியம் அதற்குள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அதைக் கெடுப்பது சுடுதண்ணீர். பிளாஸ்கிலிருந்து நேரே ஊற்றினால் முடிந்தது. விரலை வைத்தால் சுகமான சூடு, அவ்வளவுதான் வேண்டும்.

இவை மூன்றும் சரி என்றால் ஈரல் சோதனை செய்யுங்கள். இரண்டு சிறு கிண்ணத்தில் ஒவ்வொரு தேக்கரண்டி பேரொட்சைட்டு. ஒன்றில் ஈஸ்ட் கரைசல் சில துளி, மற்றதில் கோழிக்கடையில் வாங்கிய பச்சை ஈரல் ஒரு சிறு துண்டு. ஈரல் இல்லாவிட்டால் அப்போதுதான் வெட்டிய பச்சை உருளைக்கிழங்கு, அது கொஞ்சம் மெதுவாகக் காட்டும்.

ஈரல் பொங்குகிறது, ஈஸ்ட் பொங்கவில்லை: ஈஸ்ட் கரைசலில் பிழை. மறுபடி இளஞ்சூட்டில் கரையுங்கள்.

இரண்டும் பொங்கவில்லை: பேரொட்சைட்டு செத்துவிட்டது. வேறு வழியில்லை, புதிது வாங்க வேண்டும். வெயிலில் நின்ற ஆட்டோவுக்குள் அரை நாள் கிடந்த போத்தல், ஆறு மாதம் முன் திறந்து யன்னலோரம் வைத்த போத்தல், இவற்றில்தான் இது அடிக்கடி நடக்கும். பெரிய போத்தல் ஒன்று வாங்கி வைப்பதைவிடச் சின்னப் போத்தல்களாக வாங்கி நிகழ்ச்சிக்கு ஒன்றாகத் திறப்பது நல்லது.

இரண்டும் நன்றாகப் பொங்குகின்றன, ஆனாலும் மேடையில் எழவில்லை: கழுவும் திரவத்தை மாற்றிப் பாருங்கள், தண்ணீர் மாதிரி மெல்லியதாக இருக்கும் மலிவான திரவம் நுரையைப் பிடித்து வைக்காது.

எந்தக் கட்டத்திலும் கலந்த போத்தலை மூடாதீர்கள், "பிறகு செய்வோம்" என்று மூடி வைத்தாலும் அது வெடிக்கும். நுரை சூடாக இருக்கும், பிள்ளைகள் தொட ஓடி வருவார்கள், ஒருவரை அதற்கென்றே நிறுத்துங்கள். நான்கு மாடி உயரத்துக்குப் பாயும் வீடியோவைப் பார்த்துவிட்டு 30% பேரொட்சைட்டு எங்கே வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அது நமது வேலையில்லை. தோலில் பட்டாலே எரித்து வெள்ளையாக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகலாம். அது வேண்டுமென்றால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக இரசாயனத் துறை இருக்கிறது, அம்பாறைப் பக்கத்தவர்களுக்குச் சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது, அங்கே பேசுங்கள்.

நிறம் மாறும் தண்ணீர்: தொடங்கும் முன்பே நிறம் பிழை

புளி விட்டாலும் அப்பச்சோடா விட்டாலும் நிறம் மாறும் சாறு இதற்கு வேண்டும். சிவப்புக் கோவா மலைநாட்டிலிருந்து வர வேண்டும், எங்கள் சந்தையில் எல்லா நாளும் கிடையாது. நான் செவ்வரத்தம் பூவும் நீலச் சங்குப்பூவும் பாவிக்கிறேன், வேலிக்கு வேலி கிடக்கின்றன. எதைப் பாவித்தாலும் கீழே உள்ள பிழைகள் பெரும்பாலும் ஒன்றுதான்.

*அவித்த கோவாச் சாறு ஊதாவாக இல்லாமல் நீலமாக, பச்சையாக இருக்கிறது.* தண்ணீரை மாற்றுங்கள். ஒரே கோவாவை ஒரு கோப்பை கிணற்று நீரிலும் ஒரு கோப்பை போத்தல் தண்ணீரிலும் அவித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு நிறமென்றால் பிழை கிணற்றில். பல கிணறுகளின் நீரில் கொஞ்சம் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) இருக்கும், குடிக்கப் பிரச்சினையில்லை, நிறம் காட்டும் சாற்றுக்குத்தான் பிரச்சினை. மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதிலேயே அவியுங்கள். அவசரமென்றால் தேசிக்காய்ப் புளி ஒன்று இரண்டு துளி விட்டால் ஊதாவுக்குத் திரும்பும், மூன்றாவது துளியில் சிவந்துவிடும், ஆகவே நிதானமாக. இரும்புச் சட்டியில் அவித்திருந்தால் சாறு கறுத்துப்போயிருக்கும், அதை ஊற்றிவிட்டு எவர்சில்வரில் அவியுங்கள்.

*நேற்று நன்றாக இருந்த சாறு இன்று மங்கி நாறுகிறது.* இரவு வெளியில் வைத்திருப்பீர்கள். எங்கள் சூட்டில் ஒரு இரவே தாங்காது. ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, தேவைக்கு எத்தனை கட்டியோ அத்தனை எடுங்கள்.

*பச்சை வர வேண்டிய இடத்தில் மஞ்சள் வந்தது, புளி விட்டாலும் திரும்பவில்லை.* காரம் கூடிவிட்டது. சோடியம் ஐதரொட்சைட்டு மாதிரிக் கடுமையானதைப் போட்டால் பூவின் சாயமே உடைந்துவிடும், உடைந்தது திரும்பாது. அப்பச்சோடாவோடு நின்றுகொள்ளுங்கள், நீலம், நீலப்பச்சை எல்லாம் அதிலேயே வரும், புளி விட்டால் திரும்பவும் வரும். அந்தப் போக்குவரவைத்தான் சபை ரசிக்கும்.

*மஞ்சள் தூள் கரைத்த தண்ணீர் சிவக்கவில்லை.* அப்பச்சோடா மட்டும் போட்டிருந்தால் அரைகுறையாகத்தான் மாறும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த நீரை விடுங்கள். அதுவும் சிவக்காவிட்டால் சுண்ணாம்பு பழசு, காற்றுப் பட்டுப் பட்டு வெறும் கல்லாகியிருக்கும், ஈரமாக இருக்கும் புதிய சுண்ணாம்பு வாங்குங்கள். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒருமுறை இதைச் செய்து முடித்த உடனே முன்வரிசையில் இருந்த ஒரு அம்மம்மா, "என்ன மனே, இது நம்மட ஆலாத்தித் தண்ணிதானே" என்றார். மண்டபமே கைதட்டியது. அன்றிலிருந்து அந்த வித்தையை ஆலாத்தித் தட்டிலேயே வைத்துச் செய்கிறேன், அதைவிடச் சிறந்த பாத்திரம் எனக்குக் கிடைக்கவில்லை.

அயடீன் கடிகாரம்: நேரம் தப்புகிறது

எனக்குப் பிடித்த வித்தை இது, அதிகம் பிழைப்பதும் இதுதான். தெளிந்த இரண்டு கரைசலைக் கலக்கிறோம், ஒன்றும் நடக்காது, எண்ணிக்கொண்டே இருக்கிறோம், ஒரு கணத்தில் முழுவதும் மையாகக் கறுக்கிறது. 1886இல் ஹான்ஸ் லாண்டோல்ட் காட்டியது அயடேற்றை வைத்து. பாமசிச் சாமான்களில் செய்யும் முறையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: 1000 மில்லிகிராம் விற்றமின் சி மாத்திரையைப் பொடியாக்கி 60 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைப்பது. அதில் 5 மில்லிலீற்றரும், 2% அயடீன் திரவம் 5 மில்லிலீற்றரும், தண்ணீர் 60 மில்லிலீற்றரும் சேர்ந்தது முதல் கோப்பை. தண்ணீர் 60, 3% பேரொட்சைட்டு 15, கஞ்சித் தெளிவு அரைத் தேக்கரண்டி சேர்ந்தது இரண்டாவது கோப்பை.

*முதல் கோப்பை கலந்த பிறகும் மஞ்சளாக, பழுப்பாக நிற்கிறது.* விற்றமின் சி போதவில்லை. கரைத்து எவ்வளவு நேரம் என்று பாருங்கள். காலையில் கரைத்துப் பிற்பகலில் பாவித்தால் அதன் பலம் குறைந்திருக்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் கரைத்ததைப் பாவியுங்கள். நுரைக்கும் மாத்திரையும் செம்மஞ்சள் நிற மாத்திரையும் வேண்டாம், வெள்ளை மாத்திரை தேடுங்கள். கிடைக்காவிட்டால் செம்மஞ்சள் நிறத்தை அயடீன் என்று நினைத்து ஏமாறாமல் பாருங்கள்.

*கலந்த உடனேயே கறுக்கிறது.* மேலே சொன்னதுதான் காரணம். விற்றமின் சி கரைசலை இன்னொரு 2 மில்லிலீற்றர் கூட்டி, வீட்டில், மறுபடி எண்ணுங்கள்.

*கறுக்கவே இல்லை.* இதற்குக் கிளை மூன்று. முதலில் தனிக் கிண்ணத்தில் கஞ்சித் தெளிவில் ஒரு துளி அயடீன். கறுத்தால் கஞ்சி நல்லது. கறுக்காவிட்டால் கஞ்சி பழசு, புளித்தது, அல்லது சரியாக வேகாதது. சோளமாவோ அரிசிமாவோ ஒரு தேக்கரண்டி எடுத்துக் கொதிக்க வைத்து ஆறவிட்டு அன்றே பாவியுங்கள். கஞ்சி நல்லதென்றால் அடுத்தது பேரொட்சைட்டு, மேலே சொன்ன ஈரல் சோதனை. அதுவும் நல்லதென்றால் விற்றமின் சி கூடிவிட்டது, பொறுமையாக இருந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் தானே கறுக்கும், அடுத்த முறை குறையுங்கள். ஒரு சிறப்புக் காரணமும் உண்டு: தண்ணீர் மிகச் சூடாக இருந்தால் கஞ்சியும் அயடீனும் சேர்ந்த கறுப்பே தெரியாது, ஆறினால் திரும்ப வரும்.

*வீட்டில் 60 எண்ணினேன், மேடையில் 30இல் கறுத்துவிட்டது.* எங்கள் மாவட்டத்துக்கே உரிய பிழை இதுதான். விடியற்காலையில் வீட்டில் ஒத்திகை பார்ப்போம், நிகழ்ச்சி பிற்பகல் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே நடக்கும். தண்ணீர் 10 பாகை கூடினால் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். வாவிக்கரையோர மண்டபம் ஒன்றில் நான் "நாற்பது!" என்று சத்தமாக எண்ணுவதற்குள் கறுத்துப்போய், பிள்ளைகள் எதற்குக் கைதட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். அந்த முகங்கள் இன்னும் ஞாபகம். அதிலிருந்து நான் செய்வது: இரண்டு கோப்பையையும் ஒரு பேசின் குழாய்நீரில் அரை மணித்தியாலம் நிறுத்தி வைப்பேன், மண்டபத்துக்குப் போனவுடன் ஒரு சிறு கோப்பையில் ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன், அந்த எண்ணைத்தான் மேடையில் சொல்வேன். நூறு ரூபாய்ச் சாமான் அதற்குக் கூடப் போகும், போகட்டும்.

அயடீன் திரவம் கிடைக்காமல் புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயடீனைப் பாவித்தாலும் வரும். சத்திரசிகிச்சைக்கு முன் கை கழுவ என்று எழுதிய வகையை மட்டும் வாங்காதீர்கள், அதில் சவர்க்காரம் இருக்கிறது, கலக்கும்போது நுரைத்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

நீலப் போத்தல்: குலுக்கினாலும் நீலமில்லை, அல்லது நீலம் போகவில்லை

குளுக்கோசும் சோடியம் ஐதரொட்சைட்டும் மெதிலீன் நீலமும் சேர்ந்த தெளிந்த போத்தலைக் குலுக்கினால் நீலமாகும், வைத்தால் வெளுக்கும்.

நீலம் வரவில்லையா? போத்தலை நிறைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பாதிக்கு மேல் ஊற்றினால் உள்ளே காற்றில்லை. பலமுறை குலுக்கிய பிறகு வராவிட்டால் மூடியைத் திறந்து புதுக் காற்று விட்டு மூடுங்கள். கரைசல் தேயிலைச் சாயம் மாதிரிப் பழுப்பாகிவிட்டதா, அப்படியென்றால் அதன் ஆயுள் முடிந்தது, எங்கள் வெயிலில் காலையில் கரைத்தது மாலையில் நிற்காது. குளுக்கோசை மேடையிலேயே சேருங்கள்.

நீலம் போகவே இல்லையா? குளுக்கோசுக்குப் பதில் சீனி போட்டிருப்பீர்கள். இதை நான் எத்தனையோ பாடசாலையில் பார்த்துவிட்டேன், இரண்டும் இனிப்புத்தானே என்று நினைப்பார்கள், ஆனால் சீனி இந்த வேலையைச் செய்யாது. தோடம்பழச் சுவை சேர்த்த குளுக்கோஸ் பைக்கற்றும் வேண்டாம், அதில் அமிலம் கலந்திருக்கும், வெறும் குளுக்கோஸ் வாங்குங்கள். அதுவும் சரியென்றால் ஆய்வுகூடத்துச் சோடியம் ஐதரொட்சைட்டு வில்லைகள் ஈரமாகி ஒட்டிக் கிடக்கின்றனவா என்று கேளுங்கள், மாரிகாலத்தில் மூடி இறுகாத போத்தல் ஒரு கிழமையில் பலவீனமாகிவிடும். கடைசியாகச் சாயம். மெதிலீன் நீலம் மீன்தொட்டிக் கடையில் மருந்தாக விற்கிறது, மலிவு, ஆனால் சில போத்தல்களில் மலக்கைட்டுப் பச்சையும் கலந்திருக்கும், லேபலைப் படியுங்கள்.

சோடியம் ஐதரொட்சைட்டை நீங்களே கரைக்க வேண்டாம், உயர்தர வகுப்பு ஆய்வுகூடம் உள்ள பாடசாலையின் இரசாயன ஆசிரியரிடம் கரைத்து வாங்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து குலுக்குங்கள். மூடியை ஒரு விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், குலுக்கிய போத்தலைப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது.

நிறச் சுடர்: எல்லாம் மஞ்சளாகவே எரிகிறது

எதை எரித்தாலும் மஞ்சள் வந்தால் கறியுப்பு கலந்திருக்கிறது. கையில் வியர்வை, கடற்காற்று, கிணற்று நீர், எல்லாவற்றிலும் உப்பு. கல்லடி, ஆரையம்பதி மாதிரிக் கரையோர ஊரில் குச்சியை மேசையில் வைத்துவிட்டு எடுத்தாலே மஞ்சள்தான். காய்ச்சி வடித்த நீரில் குச்சியை ஒரு இரவு ஊற வைத்து, இடுக்கியால் மட்டும் எடுத்து, பிறகு நிறம் தரும் பொருளின் கரைசலில் தோய்த்து வாயு அடுப்பின் நீலச் சுடரில் காட்டுங்கள், குச்சி தானே எரியத் தொடங்கும் முன் எடுத்துவிடுங்கள். மெழுகுதிரியில் காட்டினால் என்ன செய்தாலும் மஞ்சள்தான், அதன் சுடரே மஞ்சள்.

செப்புச் சல்பேற்றுப் பச்சை தரும். போரிக் அமிலமும் பச்சை. சில கரம் பவுடர் போரிக் அமிலம், சிலது வெறும் மா. அயடீன் ஒரு துளி விட்டுப் பாருங்கள், கறுத்தால் அது மா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கிண்ணத்தில் மெதனோலை ஊற்றி வானவில் சுடர் காட்டுவதைச் செய்யவே செய்யாதீர்கள். சுடர் சிறுத்துவிட்டதென்று போத்தலிலிருந்து மேலும் ஊற்றும்போது நெருப்பு போத்தலுக்குள் ஓடி முன்னால் இருக்கும் பிள்ளைகள் மேல் பாயும். இப்படிப் பல மாணவர்கள் கடுமையாக எரிந்த பிறகுதான் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் பாதுகாப்புக் குழு 2014இல், திறந்த மேசையில் மெதனோல் வைத்துச் செய்யும் இந்த வித்தையை நிறுத்தச் சொன்னது. குச்சி முறையில் அழகு கொஞ்சம் குறைவு. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

சீனிப் பாம்பு: வளரவில்லை

பொடித்த சீனி 40 கிராம், அப்பச்சோடா 10 கிராம், கீழே ஸ்பிரிட்டில் நனைத்த மணல்; பற்றவைத்தால் கறுப்புக் கரி பாம்பாக வளரும். வளராவிட்டால்: சீனி பொடியாக இல்லை; அப்பச்சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போட்டிருக்கிறீர்கள்; மாரிகாலத்தில் சீனி ஈரம் வாங்கியிருக்கிறது; கடல் மணல் காயவில்லை. இவை எல்லாம் சரியென்றால் காற்று. ஆடி மாதக் கச்சான் காற்றில் திறந்த மைதானத்தில் இது வளரவே வளராது, சூடு பக்கவாட்டில் போய்விடும். மூன்று பக்கம் செங்கல் வைத்துப் பாருங்கள், அதற்கும் சரிவராவிட்டால் அன்றைக்கு அந்த வித்தையை விடுங்கள். அணைந்தமாதிரித் தெரியும் மணலில் மீண்டும் ஸ்பிரிட் ஊற்றாதீர்கள், பகல் வெயிலில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாது.

வித்தை நடந்தது, ஆனால் பின்வரிசைக்குத் தெரியவில்லை

பின்னால் ஒரு வெள்ளைக் கடுதாசி. பாதிப் பிழை அதிலேயே தீரும். மீதி மேடை வெளிச்சம்: விழாக்காரர் நீல, சிவப்பு எல்இடி போட்டிருந்தால் ஊதாவும் பச்சையும் சாம்பலாகத் தெரியும். வெள்ளை டோர்ச் ஒன்றைக் கோப்பைக்குப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள், நிறம் திரும்பி வந்தால் பிழை வெளிச்சத்தில், ஒலி ஒளிக்காரரிடம் வெள்ளை மட்டும் போடச் சொல்லுங்கள். வயர், பிளக் எதையும் நீங்களே கழற்றிப் பூட்ட வேண்டாம், ஈரக் கையோடு நிற்பவர் நீங்கள்தான், அது மின்சாரக்காரரின் வேலை.

மூக்கை எரிக்கும் மணம், கண்ணில் பட்டது, சுட்டுவிட்டது

இங்கே சோதனை எதுவும் கிடையாது. உடனே நிறுத்துங்கள்.

மணமென்றால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவு யன்னலைத் திறங்கள், என்ன கலந்தது என்று குனிந்து மோந்து பார்க்காதீர்கள். நிறம் நீக்கிக் காட்டலாம் என்று உடுப்பு வெளுக்கும் பிளீச் கொண்டுவருகிறவர்கள் உண்டு, அதே மேசையில் வினாகிரியோ கழிவறை கழுவும் அமிலமோ இருந்து இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின். என் பெட்டிக்குள் பிளீச்சுக்கு இடமில்லை, உங்கள் பெட்டியிலும் வேண்டாம்.

கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும், கழுவிக்கொண்டே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், சோடியம் ஐதரொட்சைட்டு என்றால் வைத்தியசாலைக்குப் போகும் வழியிலும் கழுவ வேண்டும். சுட்ட இடத்தையும் 20 நிமிடம் குழாய்நீரில் பிடியுங்கள், பற்பசை, மை, நெய் எதுவும் பூசக் கூடாது. நெருப்பு பரவினால் 110க்கு, தீயணைப்புக்கு. மண்டபத்துக்குப் போனவுடன் நான் முதலில் தேடுவது மேடையை இல்லை, குழாயை. குழாய் தூரமென்றால் இரண்டு வாளி நல்ல தண்ணீர் மேசைக்குக் கீழே வந்த பிறகுதான் பெட்டியைத் திறப்பேன்.

செறிந்த கந்தகவமிலம், ஐதரசன் பலூன், சோடியம் உலோகம், திரவ நைதரசன் இவற்றில் எது கேட்டாலும், அதிபரே கேட்டாலும், மேலே சொன்ன பல்கலைக்கழகத்துக்காரர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி முடிந்தது, மேசைவிரிப்பில் கறை

அயடீன் கறைக்கு மிஞ்சிய விற்றமின் சி கரைசலை ஊற்றுங்கள், கண் முன்னாலேயே போய்விடும், சில நேரம் அதையே கடைசி வித்தையாகக் காட்டியிருக்கிறேன். கொண்டிஸ் (பொட்டாசியம் பரமங்கனேற்று) பட்டுக் கையும் துணியும் பழுப்பானாலும் அதே கரைசல்தான். மஞ்சள் கறையைக் கழுவி ஈரத்தோடு வெயிலில் போடுங்கள், இரண்டு நாளில் மங்கும். மெதிலீன் நீலம் மட்டும் துணியை விட்டுப் போகாது, ஆகவே அந்த வித்தைக்கு முன் நல்ல விரிப்பை எடுத்துவிட்டுப் பழைய பேப்பர் விரியுங்கள்.

பூச்சாறு, வினாகிரி, யானைப் பற்பசை நுரை இவற்றை நிறையத் தண்ணீரோடு வடிகாலில் விடலாம். செப்புச் சல்பேற்றுக் கரைசலை விடாதீர்கள், எங்கள் வடிகால் எல்லாம் கடைசியில் வாவிக்குத்தான் போகிறது, செம்பு மீனைக் கொல்லும். ஒரு போத்தலில் சேர்த்து, பெயர் எழுதி ஒட்டி, ஆய்வுகூட ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.